கார்டியனைக் கூட்டி வா

நவம்பர் 11, செவ்வாய்

காலையில் பனிமூட்டம். ஃபேன் போட்டால் குளிர், நிறுத்தினால் கொசு.

தட்டில் ரொட்டி விழும்போதே பி.ஜி. ஆன்ட்டி செய்தியையும் போட்டாள். மாதக் கடைசியோடு எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம். பவானிபூருக்கு வைத்தியத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்கு இனி ரூம் ரூமாக விடப் போகிறாள். அவர்கள் நாள் கணக்கில் கொடுப்பார்கள், நாங்கள் மாதக் கணக்கில். "தப்பா எடுத்துக்காதேம்மா" என்று என் தலையைத் தடவினாள். தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அறையில் நாலு கட்டில். மற்ற மூன்று பெண்களும் உடனே வீட்டுக்குப் போன் போட்டார்கள். பர்த்வான், மால்டா, சிலிகுரி. கொஞ்சம் அழுகை, கொஞ்சம் சிரிப்பு, "பாபா, நீங்க வந்து சாமானை எடுத்துட்டுப் போங்க."

எனக்கும் போக இரண்டு இடம் உண்டு, பேருக்கு. ஒன்று நியூ டவுன். இந்த நோட்டில் நியூ டவுன் என்றால் அவன். தாலி கட்டியவன் பெயரை இதில் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன், காகிதம் கெட்டுப்போகும். இன்னொன்று கரக்பூர். அங்கே முரளி அண்ணன் வீட்டில் அப்பா. ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் எனக்கு ஒரு பாய் உண்டு. மதினி அதை உதறி விரிக்கும் சத்தமும் உண்டு.

செய்ய:
தரகர் பிடிக்க.
ஆதார், சம்பளச் சீட்டு ஜெராக்ஸ்.
அரை நாள் லீவு (முதலாளி முகம் பார்த்து).
சால்வையை வெயிலில் போட.
வாயை அடக்க.

நவம்பர் 13, வியாழன்

ஆபீஸில் ரகளை. கிடர்பூர் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் கிடக்கிறது. வாங்கியவன் எடுக்க மாட்டேன் என்கிறான், அனுப்பியவன் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறான். கிடக்கக் கிடக்கக் கட்டணம் ஏறுகிறது. நாள் முழுக்க அந்தக் கடிதப் போக்குவரத்துதான். டைப் அடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது. என் கதையை ஆபீஸ் செலவில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் தரகர் ஷம்புதாவைப் பார்த்தேன். மெட்ரோ வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். ஐம்பது வயது இருக்கும், காதில் பேனா.

"எத்தனை பேர் தீதி?"

"ஒருத்தி."

"ஒருத்தின்னா? ஹஸ்பெண்ட் வெளியூர்ல வேலையா?"

"ஒருத்தின்னா ஒருத்திதான். புருஷன் இந்த ஊர்ல இருக்கான். நான் அங்க இல்ல. கேஸ் நடக்குது."

பேனா காதிலேயே இருந்தது. எடுக்கவில்லை. வயது கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். உச்சுக்கொட்டினார்.

"சின்ன வயசா இருந்தா ஸ்டூடன்ட்னு சொல்லலாம். பெரிய வயசா இருந்தா விதவைன்னு சொல்லலாம். நீங்க நடுவுல மாட்டிக்கிட்டீங்க."

இதற்குப் பிறகு டீக்கு நான்தான் காசு கொடுத்தேன்.

நவம்பர் 15, சனி

மூன்று வீடு. இடது காலில் கொப்புளம்.

முதல் வீடு, பவானிபூரிலேயே, குஜராத்தி வியாபாரக் குடும்பம். தரகர் ஷ. போகும் வழியிலேயே சொல்லிவைத்திருக்கிறார், மெட்ராஸி என்று. வீட்டம்மாளுக்கு முகமெல்லாம் பல். "மெட்ராஸின்னா கவலையே இல்ல. சுத்த சைவம். வெங்காயமாவது சாப்பிடுவீங்களா?" நான் திருநெல்வேலி. எங்கள் வீட்டில் மீன் வாங்காத நாளில்தான் யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். "மீன் சாப்பிடுவேன்" என்றேன். அந்தம்மாள் நான் ஏதோ ஜாமீனில் வந்தவள் போல ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். ஷ. வெளியே வந்து, "யார் கேட்டாங்க உங்களை?" என்றார். கேட்டாளே ஐயா. அவள்தானே கேட்டாள்.

இரண்டாவது, லிஃப்ட் வைத்த கட்டடம். வீட்டுக்காரருக்குச் சம்மதம், கமிட்டிக்கு இல்லை. கமிட்டி என்பது ஷார்ட்ஸ் போட்ட ஒரு ஆள். "சிங்கிள் லேடின்னா பெல் அடிச்சுக்கிட்டு யார் யாரோ வருவாங்க." யார் வருவார்கள்? எனக்கும் தெரிந்தால் நன்றாக இருக்கும். நாலு மாதமாக என்னைப் பார்க்க ஒருத்தரும் வரவில்லை.

மூன்றாவது, கல்யாணமாகாத அண்ணன் தம்பி இரண்டு பேர் கீழ்வீட்டில். கேள்வியே இல்லை. எப்போது வேண்டுமானாலும் வரலாம், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் திரும்பலாம், அட்வான்ஸ்கூட மெதுவாகத் தந்தால் போதும். பெரியவர் பேசும்போது கண் என் முகத்துக்கு வரவே இல்லை. நானே வேண்டாம் என்று வந்தேன். ஷ.வுக்குக் கோபம். "கிடைக்கிறதும் வேணாம், கிடைக்காததும் வேணும்."

மூன்று மாடி ஏறி இறங்கி, மூன்று கிளாஸ் தண்ணீர் குடித்து வந்தது மிச்சம்.

நவம்பர் 16, ஞாயிறு

துணி துவைத்தேன். மொட்டை மாடிக் கொடியில் இடமில்லை, கட்டில் கம்பியில் காய்கிறது. பக்கத்துப் பெண் தும்முகிறாள்.

மத்தியானம் நியூ டவுனிலிருந்து போன். எடுத்திருக்கக் கூடாது.

"வீடு தேடுறியாமே. எவனும் தர மாட்டேங்கிறானாமே."

"யார் சொன்னா?"

"சொல்லுவாங்க. தேடு, தேடு. காலு வலிச்சா வீட்டுக்கு வா."

சிரிப்பு வேறு. யார் சொல்லியிருப்பார்கள்? மதினியாகத்தான் இருக்கும். கரக்பூரில் ஒரு கொதி கொதித்தால் இங்கே ஆவி வருகிறது. இனி அவளிடம் எதுவும் சொல்லக் கூடாது.

அப்புறம் முழுநாளும் ஒன்றும் ஓடவில்லை. பேயைப் பார்த்ததுபோல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 18, செவ்வாய்

வீடு!

ஜதுபாபு பஜாருக்குப் பின்னால் சந்து. பழைய வீடு, முதல் மாடி. ஒரு அறை, சமையல் மேடை, தனிக் குளியலறை. சிவப்புத் தரை. பச்சை மர ஜன்னல், இரண்டு பட்டை உடைந்திருக்கிறது. தெற்குப் பார்த்த குட்டி வராந்தா. இந்த ஊரில் அதைத்தான் முதலில் சொல்வார்கள், தெற்குக் காற்று வரும் என்று, இவர்கள் வீட்டில் செய்த காற்று மாதிரி. குழாயில் தண்ணீர் காலையும் மாலையும். சந்தில் மீன் வாடை. எனக்கு அது வாடையில்லை.

கீழே வீட்டுக்காரர்கள், வயதான தம்பதி. நானும் ஊர் வழக்கப்படி, சித்தப்பா சித்தி மாதிரி, அவரை மேஷோமஷாய், அவளை மாஷிமா என்று கூப்பிட்டேன். அவர் ஏதோ சர்க்கார் ஆபீஸில் இருந்தவர், மஃப்ளருக்குள் இரண்டு கண். அவள் குட்டையாக, உருண்டையாக, நடக்கும்போது ஒரு பக்கம் சாய்வாள். பெரிய ஆபரேஷன் நடந்த உடம்பாம்.

"மீன் சாப்பிடுவியா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். எந்தப் பக்கம் பொய் சொல்வது என்று தெரியாததால் உண்மையைச் சொன்னேன். "சாப்பிடுவேன்."

"இலிஷ்?"

"முள்ளோட."

மாஷிமா சிரித்தாள். அது முதல் பரீட்சை பாஸ்.

கேட் சாவி தருவீர்களா என்று கேட்டேன். "சாவி இல்லாம எப்படி இருப்ப, மா?" என்றாள். அவளுக்கு அது ஒரு கேள்வியே இல்லை. நியூ டவுன் வீட்டில் பதினோரு வருஷம் இருந்தேன், என் கையில் சாவி இருந்ததே கிடையாது. என்ன கஷ்டம், நான்தான் வீட்டில் இருக்கிறேனே என்பான்.

அப்புறம் மஃப்ளர் பேசியது.

"எல்லாம் சரி. கார்டியன் யார்?"

"நானேதான்."

"அது சரி, மா. கார்டியன் யார்?"

பத்தொன்பது வருஷ வேலை. எனக்குக் கீழே மூன்று பேர். என் கையெழுத்து இல்லாமல் கப்பலிலிருந்து ஒரு பெட்டி நகராது. அதெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "பாபா இருக்காரா?" என்றார்.

"இருக்கார். கரக்பூர்ல."

"நல்லது. கூட்டிட்டு வா. ஒருதரம் உக்காந்து பேசிடுவோம். உன்னோட வந்து இருப்பாரில்லையா?"

நான் வாயைத் திறக்கும் முன் ஷ. குறுக்கே பாய்ந்தார். "இருப்பார், இருப்பார். பொண்ணை விட்டு எங்க போவார்?"

அட்வான்ஸ் கவரை மாஷிமா வாங்கிச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள். சனிக்கிழமை வரை வேறு யாருக்கும் காட்ட மாட்டார்களாம்.

ஷ. சந்து முனையில்: "தீதி, இந்த வீட்டை விட்டீங்கன்னா எனக்குப் போன் போடாதீங்க."

நவம்பர் 20, வியாழன்

அப்பாவிடம் போனில் கேட்டேன். கேட்க இரண்டு நாளாக மனசு கூசியது. பிரிந்து வந்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று, "அவசரப்பட்டுட்டியேட்டி." அதற்கப்புறம் அந்தப் பேச்சே இல்லை. போனில் மழை, விலைவாசி, முட்டிவலி.

"நான் வந்து என்ன செய்யணும்?"

"ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். வந்து உக்காருங்க. அப்பான்னு ஒருத்தர் இருக்காருன்னு அவங்க பாக்கணும்."

"பொண்ணு பாக்க வருவாவ, தெரியும். அப்பாவப் பாக்க வாராவளா?"

சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்கப்புறம் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்குச் சிரித்தோம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். "கோட்டு வேண்டாமா, டை வேண்டாமா" என்கிறார்.

தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது. வாங்க.

நவம்பர் 22, சனி

நிறைய இருக்கிறது. வரிசையாக எழுத வேண்டும்.

அப்பா காலை லோக்கலில் வந்தார். மெலிந்திருக்கிறார். ஷேவ் செய்த தாடையில் ஒரு வெட்டு. எனக்காக மதினி கொடுத்தாள் என்று ஒரு ஊறுகாய் பாட்டில். மதினி கொடுத்திருக்க மாட்டாள், அவரே எடுத்து வந்திருப்பார்.

பதினொரு மணிக்கு அங்கே. ஷ.வும் வந்திருந்தார். டீ, பிஸ்கட், சந்தேஷ் இனிப்பு. மேஷோமஷாய் மஃப்ளரை அவிழ்த்து வைத்திருந்தார். ஆண் விருந்தாளி என்றால் அவிழும் போலிருக்கிறது. அப்பாவின் பெங்காலி பாதி இந்தி, பாதி ரயில்வே. ஆனால் பந்தாட்டம் என்று வந்ததும் இரண்டு கிழவர்களும் மைதான் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டார்கள். எந்த வருஷம் எவன் கோல் போட்டான், எந்த ரெஃப்ரி திருடன். நான் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருப்பதே மறந்துவிட்டது. என் ஆதார் ஜெராக்ஸை யாரும் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

நடுநடுவே நாங்கள் தமிழில் பேசிக்கொண்டோம். சின்ன வயதிலிருந்தே எங்களுக்கு அப்படித்தான் பழக்கம். இந்த ஊரில் ரகசியம் பேசத் தமிழனுக்குத் தனி அறை வேண்டாம். பஸ்ஸிலும் கடையிலும் எதிராளி முகத்துக்கு நேரே, சிரித்த முகமாக, அவனைப் பற்றியே பேசலாம். அம்மா இருந்த நாளில் மீன்காரன் முன்னால் நின்றுகொண்டே, "களவாணிப்பய எடையில அடிக்கான்" என்பாள், அவனும் சிரிப்பான்.

"நான் இங்கன வந்து இருப்பேன்னு சொல்லணுமாட்டி? பொய்யில்லா?"

"ஒண்ணுஞ் சொல்ல வேண்டாம்ப்பா. தலைய மட்டும் ஆட்டுங்க."

"ஒத்தைலயா கெடப்ப இந்த வீட்டுல?"

"ஒத்தைலதான். அதுக்குத்தானே வீடு. சிரிச்சிக்கிட்டே பேசுங்க, கெழவரு பாக்காரு."

"கெழவன் என்ன இந்தத் தோண்டு தோண்டுதான்."

மாஷிமா டீயை ஊற்றிக்கொண்டே எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தாள். நானும் செய்தேன்.

"அப்ப நீங்களும் வந்துடுவீங்க, இல்லையா?" மேஷோமஷாய் கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். தலையை ஆட்டினார். முடிந்தது! ஞாயிறு முப்பதாம் தேதி குடிவரலாம்.

வெளியே வந்ததும் அப்பா ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோவில் போக வேண்டும் என்றார். எஸ்பிளனேடிலிருந்து ஹவுரா. நதிக்குக் கீழே போகும்போது நீல விளக்கு. "எப்படிக் கட்டிருக்கான் பாரு" என்று குழந்தை மாதிரி கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

ஹவுரா ஸ்டேஷனில் ரயிலுக்கு நேரம் இருந்தது. மண் கோப்பையில் டீ. ஏன் என்று தெரியவில்லை, அவரிடம் சொல்லிவிட்டேன். யாரிடமும் சொல்லாதது. அவன் கோபம் வந்தால் அடிப்பதில்லை. கதவுக்கு வெளியே தள்ளிப் பூட்டிவிடுவான். பன்னிரண்டாவது மாடி வராந்தாவில் நைட்டியோடு, செருப்பில்லாமல், போன் இல்லாமல் நிற்பேன். பக்கத்து ஃப்ளாட்காரர்கள் லிஃப்டிலிருந்து இறங்குவார்கள். "என்ன பாபிஜி, சாவி மறந்துட்டீங்களா?" நானும் ஆமாம் என்று சிரிப்பேன். அவனாகக் கதவைத் திறக்கும் வரைக்கும். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை இல்லை. அதனால்தான் எனக்கு ஒரு சாவி வேண்டும் அப்பா என்றேன்.

அப்பா கோப்பையைக் கையில் வைத்தபடியே இருந்தார். டீ ஆடை கட்டிவிட்டது.

"சவம், இத ஏன் முந்தியே சொல்லல?"

"எப்படிச் சொல்ல?"

"சரி. அழாத. நான் பாத்துக்கிடுதேன்."

தோளைத் தட்டினார். ரயில் ஏறும்வரை கையை விடவில்லை. பாவம், முட்டிவலியோடு அவ்வளவு தூரம். பதினோரு வருஷமாக நெஞ்சில் கிடந்தது இறங்கிவிட்டது.

நவம்பர் 23, ஞாயிறு

நல்ல தூக்கம். எட்டு மணிக்குத்தான் விழித்தேன், டிபன் போய்விட்டது. பரவாயில்லை.

பி.ஜி. ஆன்ட்டியிடம் வீடு கிடைத்துவிட்டது என்று சொன்னேன். "எங்க? ஜதுபாபு பஜாரா? அய்யோ, மீன் நாத்தம்." பொறாமை. நன்றாக வேகட்டும்.

நவம்பர் 26, புதன்

வெயில். ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பினேன். அந்தக் கன்டெய்னரை ஒருவழியாக யாரோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வாங்கியது:
பிளாஸ்டிக் வாளி, மக்கு (நீலம்).
ஒரு பர்னர் அடுப்பு.
மீன் சட்டி. கடைக்காரன் கேட்டான், "எத்தனை பேருக்கு?" ஒரு ஆளுக்கு என்றேன். அவன் ஒன்றும் கேட்கவில்லை, சின்னதை எடுத்துக் கொடுத்தான். இந்த ஊரில் நான் தனி என்று சொல்லி, மறு கேள்வி வராத முதல் இடம்.
சாவிக்கு ஒரு வளையம்.

திரை வாங்க ஜன்னல் அளவு தெரியவில்லை. அப்பாவிடம் கேட்கலாம், அவர்தான் கையால் முழம் போட்டுப் பார்த்தார். இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. மதினிக்குப் போட்டேன்.

"மாமா காலைலயே போய்ட்டாவ. பென்ஷனுக்கு உசுரோட இருக்கேன்னு பேங்குல கையெழுத்துப் போடணும்லா, நவம்பர் மாசம். சாப்பாட்டுக்குக்கூட வரல. நல்ல சட்டை போட்டுக்கிட்டுப் போயிருக்காவ."

பேங்கில் கூட்டமாக இருக்கும். திரை சனிக்கிழமை வாங்கிக்கொள்ளலாம்.

நவம்பர் 27, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடும்.

மத்தியானம் ஷ. போன். "தீதி, உடனே வாங்க. ஏதோ பிரச்சினை." வாளி, அடுப்பு எல்லாம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆட்டோ பிடித்து ஓடினேன்.

மேஷோமஷாய் வெளியே வரவில்லை. உள் அறையில் பேப்பர் சலசலக்கும் சத்தம் மட்டும். மாஷிமா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் முக்காலியில் உட்கார வைத்தாள். அட்வான்ஸ் கவரை மடியில் வைத்தாள். ஒட்டினது ஒட்டினபடி. பக்கத்தில் ஒரு ஸ்வீட் பெட்டி திறந்திருந்தது.

அப்புறம் அவள் பேசினாள். தமிழில்.

"உன் அப்பா வந்தாரு. நேத்து. தனியா வந்தாரு. பொண்ணுக்கு வீடு குடுக்காதீங்க, சொன்னாரு."

எனக்கு முதலில் எது அதிர்ச்சி என்றே புரியவில்லை, சொன்ன விஷயமா, சொன்ன பாஷையா.

வேலூரில் ஆபரேஷனாம். ஆஸ்பத்திரிக்கு எதிரே வாடகை ரூமில் ஏழெட்டு மாதம் இருந்திருக்கிறாள். நர்ஸுகளிடமும் காய்கறிக்காரியிடமும் கற்றது. சனிக்கிழமை நானும் அப்பாவும் பேசியது எல்லாம் புரிந்ததாம். கெழவன் தோண்டுகிறான் என்றது வரைக்கும். சொல்லும்போது சிரித்துவிட்டாள் பாவி.

"நீ தனியா இருப்பே, எனக்குத் தெரியும். அவர்கிட்ட சொல்லலே. இருக்கட்டும், நல்ல பொண்ணு, இருக்கட்டும்னு நெனச்சேன்."

நாங்கள் சொன்ன பொய் அவளுக்குத் தெரியும். தெரிந்தே கொடுக்க இருந்தாள். என்னைப் பெற்றவர், முட்டிவலியோடு இரண்டரை மணி நேரம் ரயிலில் வந்து, ஸ்வீட் பெட்டி வாங்கிக்கொண்டு, வெள்ளைச் சட்டையில், கை கூப்பி, கொடுக்காதீர்கள் என்று கேட்டிருக்கிறார். வீடு கிடைக்காவிட்டால் திரும்பிப் போய்விடுவாள், ஒரு குடும்பம் பிழைக்கும், உங்களுக்குப் புண்ணியம் என்று. அழுதாராம். மேஷோமஷாயும் அழுதாராம். இரண்டு கிழவர்களும் சேர்ந்து அழுது என்னை முடித்துவிட்டார்கள்.

"அப்பாவே வேணாம் சொன்னா, இவரு எப்படிக் குடுப்பாரு?" உள் அறையைக் காட்டினாள். பேப்பர் சலசலத்தது.

என் முகம் எப்படி இருந்ததோ. மாஷிமா என் கையைப் பிடித்துக்கொண்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் ஆறுதலாகக் கேட்டாள்.

"எங்க வலிக்குது, மா?"

நர்ஸ் கேட்டிருப்பாள் அவளை, தினம் காலையில். எனக்கு அவள்மேல்கூட ஆத்திரம் வந்தது. கையை உருவிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். ஸ்வீட் எடுத்துக்கோ என்று வாசல்வரை வந்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

மூட்டம். தூறல். நவம்பரில் என்ன தூறல்.

பி.ஜி.யில் மால்டா பெண் போய்விட்டாள். அவள் மெத்தையைச் சுருட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள். புதுக் கட்டில் வந்து இறங்கிவிட்டது, நோயாளிகளுக்கு, சக்கரம் வைத்தது.

ஆபீஸிலிருந்து அப்பாவுக்குப் போன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"நீங்க அங்க போனீங்களா?"

"போனேன்." மறைக்கவில்லை. அதற்குக்கூட என்னை மதிக்கவில்லை.

"எதுக்கு?"

"ஒன் நல்லதுக்குத்தான்ட்டி. வீடு கெடச்சிட்டுன்னா நீ திரும்பிப் போவ மாட்ட. எனக்கு ஒன்னத் தெரியாதா? நானே முரளி வீட்டுல ஒரு கட்டில்ல கெடக்கேன். எனக்குப் பொறவு ஒன்ன யாரு பாப்பா?"

"நான் வீடு தேடுதேன்னு அவனுக்குச் சொன்னதும் நீங்கதானா?"

"மாப்ளைக்குத் தெரிய வேண்டாமா?" பாவம், மதினியைப் போய்த் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு ஹவுராவுல சொன்னேனேப்பா. கதவுக்கு வெளிய..."

"கேட்டேன். கேக்காமலா? கதவுக்கு வெளிய நிப்பாட்டுனாலும் அது ஒன் வீட்டுக் கதவு. மாப்ளகிட்ட பேசிட்டேன். இனிமே அப்படிச் செய்ய மாட்டாராம். ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு வாராரு. பெட்டியக் கட்டி வையி."

வைத்துவிட்டேன். பெட்டியை இல்லை, போனை.

பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். அவன் பூட்டிய கதவுக்கு வெளியே நின்றபோதெல்லாம் அழவில்லை, லிஃப்ட் வரும் என்று. நான் பாத்துக்கிடுதேன் என்றார். ரயில் ஏறும்வரை கையை விடவில்லையே. அந்தக் கையோடுதானே போயிருக்கிறார். அவனை எனக்கு வெறுக்கத் தெரியும். அப்பாவை எப்படி வெறுப்பது என்று யாராவது சொல்லித் தந்தால் தேவலை.

முகம் கழுவி வந்து இரண்டு பில் முடித்தேன். முதலாளி கேட்டார், ஜலதோஷமா என்று. ஆமாம் என்றேன்.

நாலு மணிக்கு ஷ. கூப்பிட்டார். போன் போடாதே என்றவர், அவரே போட்டுவிட்டார்.

"கிடர்பூர்ல ஒரு ரூம் இருக்கு தீதி. கயித்துக் கடை மாடி. லாரிச் சத்தம், தூசி. உங்க ஆபீஸுக்கு நடந்தே போகலாம். ஆனா இவங்களும் கார்டியனைப் பாக்கணும்ங்கறாங்க. பாபாவைச் சமாதானம் பண்ணிக் கூட்டிட்டு வருவீங்களா?"

"பாபா இல்ல."

"இல்லன்னா? கரக்பூர் போய்ட்டாரா?"

"இல்ல. போய்ட்டார்."

"ஹாய் ராம். போன சனிக்கிழமை என் பக்கத்துல உக்காந்து சந்தேஷ் சாப்பிட்டாரே. எப்போ?"

"புதன்கிழமை."

ஒரு பஸ் ஹாரன், டீக்கடை ரேடியோ. திரும்ப வந்தபோது ஷ.வின் குரல் வேறாக இருந்தது. நேற்று மாஷிமா வீட்டில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை. தொழில்காரர்.

"அப்போ கஷ்டமே இல்ல தீதி. அப்பா உயிரோட இருக்கும்போது தனியா இருக்கிற பொண்ணுன்னாதான் நூறு கேள்வி. அப்பா போய்ட்டாருன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. நாளைக்குக் காலையில வாங்க. கொஞ்சம் வெளிர் கலரா கட்டிட்டு வாங்க."

வெளிர் நிறத்தில் என்னிடம் ஒரு புடவைதான் இருக்கிறது. இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறேன்.